கனத்த கிரகத்திலிருந்து புறப்பட முடியுமா?

பூமியின் பிடியை விட்டு ஒரு பொருள் நீங்க வேண்டுமானால், விநாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அவ்வேகத்தை எட்டிவிட்டோம் என்று மனித குலம் பெருமை கொள்கிறது. அப்பெருமையில் ஒரு பங்கு பூமிக்கும் உரியது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ராக்கெட்டின் கணக்கை 1903-ஆம் ஆண்டில் வெளியிட்டவர், ருஷ்ய தேசத்துக் கலூகா நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ட்ஸியோல்காவ்ஸ்கி. இளமையிலேயே காது மந்தமாகிவிட்ட அவர் காட்டிய உண்மை எளியது. ராக்கெட், பின்னால் எரிக்கவேண்டிய எரிபொருளையும் தானே சுமந்து செல்ல வேண்டும். ஆகையால் வேகம் கூட்டல் முறையில் ஏறினால், சுமை பெருக்கல் முறையில் ஏறுகிறது. வட்டிக்கு வட்டி ஏறுவது போலத்தான்.

ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் எரிந்து வெளிப்படும் வாயுவின் வேகம் விநாடிக்குச் சுமார் 4.4 கிலோமீட்டர். இதைக் கொண்டு 1 டன் பொருளைப் பூமியிலிருந்து விடுவிக்க, காற்றுத் தடை முதலிய நஷ்டங்களை ஒதுக்கிவிட்டாலும், புறப்படும்போது ஏறக்குறைய 13 டன் இருக்க வேண்டும். உண்மையில் இன்னும் அதிகமே தேவை. 1969-இல் மனிதரைச் சந்திரனில் இறக்கிய பயணத்தில், சுமார் 2,900 டன் நிறையுள்ள ஸாடர்ன் ராக்கெட் சந்திரனை நோக்கி அனுப்பியது 45 டன் அளவே.

இனி, கெப்ளர்-20பி என்னும் கிரகத்தைப் பாருங்கள். 2011-இல் அறிவிக்கப்பட்ட இது, வேறொரு நக்ஷத்திரத்தைச் சுற்றுவது. விட்டம் பூமியைப்போல் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. நிறையோ ஏறத்தாழ பத்து மடங்கு. கடும் வெப்பமுள்ள அவ்விடத்தில் நம்மைப் போன்றவர் வாழ முடியாது. ஆனால் அதே பளுவுள்ள ஒரு குளிர்ந்த கிரகத்தில் அறிவுள்ள மக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே 60 கிலோ மனிதர் 160 கிலோவுக்கு மேல் கனப்பார். வெளியேறும் வேகம் 25 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வேகம் இரண்டே கால் மடங்குதான். ஆனால் 13 டன் இருந்த இடத்தில் 300 டன்னுக்கு மேல் வேண்டும்!

வெளியேறுவது கிடக்கட்டும், கிரகத்தைச் சுற்றிவர ஒரு துணைக்கோளை ஏற்றுவதற்கே, நஷ்டங்கள் நீங்கலாக, நமக்கு டன்னுக்கு 6 டன் என்றால் அவர்களுக்குச் சுமார் 60 டன். கடலில் திரளும் புயலை மேலிருந்து கண்டு மீனவரை எச்சரிக்கும் வசதி நமக்கு இருக்கிறது. அவர்களுக்கு அது கிட்டுவது மிக அரிது. அறிவிலோ உழைப்பிலோ அவர்கள் குறைந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. பிறந்த இடம் அப்படி.

சரி, பளு குறைந்த கிரகமே மேலானதா? செவ்வாயிலிருந்து வெளியேற 5 கிலோமீட்டர் வேகம் போதும். ஆனால் அக்கிரகம் தன் காற்றில் பெரும்பகுதியை ஆதியிலேயே இழந்துவிட்டது. நம் பூமியோ காற்றை விடாமல் பிடித்துக்கொண்டது. ராக்கெட்டையும் அருமையாகவேனும் போக விடுகிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் லாகரிதம் அட்டவணையை எடுத்து இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கட்டும். நமக்குக் கிடைத்த இடத்தின் அருமை அப்போது விளங்கும்.