பால்வினைப் புண்கள்: கண்டறிதலும் குணப்படுத்துதலும்

கோலார் தங்கவயலில் கோரமண்டல் என்றொரு பகுதி உண்டு. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளை இருப்புப்பாதையில் அது ஒரு நிலையமாகவும் அமைந்துள்ளது. சுரங்கங்கள் இயங்கிய காலத்தில் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பல தங்கவயலில் வந்து குடியேறின. 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் அக்குடும்பங்களின் வழித்தோன்றல்களில் ஏராளமானோர் நாள்தோறும் புகைவண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் செல்லுதல் உழைக்கும் மக்களுக்குப் புதிதன்று.

இவ்வாறு இடம்பெயரும் மக்களின் உடல்நலத்தை ஆராய்ந்தவர்களுள் தென்னாப்பிரிக்க மருத்துவர் சிட்னி கார்க் என்பவர் குறிப்பிடத்தக்கவர். அந்நாட்டில் ஆண்களை மனைவி மக்களிடமிருந்து பிரித்துச் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் தனியே அனுப்பிய ஏற்பாடே மேகப்புண் நோய் பரவுவதற்கு முதற்காரணம் என்று 1949-ஆம் ஆண்டில் அவர் எடுத்துக்காட்டினார். தனிமனிதரின் ஒழுக்கக்கேடு என்று பழிக்கப்பட்டு வந்த நோயின் வேர், வாழ்க்கை அமைப்பில் இருந்தது என்பது அவ்வாராய்ச்சியால் புலனாயிற்று. பழிச்சொல்லால் எந்தக் கிருமியும் மடிவதில்லை. அதனைக் கண்டறிவதற்குச் சோதனை வேண்டும். அழிப்பதற்கு மருந்து வேண்டும்.

பாக்டீரியாக்களால் உண்டாகும் பால்வினை நோய்களுள் மேகப்புண் எனப்படும் சிபிலிஸ், வெட்டை நோய், கிளமிடியா, மென்புண், டானவன் நோய் ஆகியவை முக்கியமானவை. இவற்றுள் டானவன் நோயின் வரலாறு நம் நாட்டோடும், சிறப்பாகச் சென்னையோடும், நெருங்கிய தொடர்புடையது.

சென்னையில் கண்ட உண்மை

நாட்கணக்கில் ஊர்ந்து பரவும் ஒருவகைப் பிறப்புறுப்புப் புண்ணைப் பற்றி 1882-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கென்னத் மக்லியாட் என்ற அறுவை மருத்துவர் முதன்முதலாக எழுதினார். அதன் காரணம் அவருக்குத் தெரியவில்லை. சென்னைப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டானவன், 1905-ஆம் ஆண்டில், அம்மருத்துவமனையின் வார்டுப் பையன் ஒருவனுடைய வாய்ப்புண்ணிலிருந்து எடுத்த பொருளை உருப்பெருக்கியில் வைத்து ஆராய்ந்தார். பெரிய உயிரணுக்களுக்குள்ளே சின்னஞ்சிறு உருவங்கள் திரள்திரளாக இருப்பதைக் கண்டார். அவை இன்றளவும் டானவன் உருவங்கள் என்றே வழங்குகின்றன. காலா அசார் காய்ச்சலின் கிருமியை 1903-ஆம் ஆண்டில் கண்டவரும் இவரே.

தாம் கண்டது ஓரணு உயிர் என்று டானவன் கருதினார். உண்மையில் அது ஒரு பாக்டீரியா. ஆய்வுக்கூடங்களில் வழக்கமாகப் பயன்படுத்தும் வளர்ப்புக் கூழ்களில் அது வளர்வதில்லை. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கோழி முட்டைக் கருவின் மஞ்சட்கருப் பையில் அதனை வளர்த்துக் காட்டினர். 1999-ஆம் ஆண்டில் அது கிளெப்சியெல்லா இனத்தில் சேர்க்கப்பட்டது. இந்நோயைப் பற்றிச் சென்னை மருத்துவர்களான ஆர். வி. இராஜமும் பி. என். ரங்கையாவும் எழுதிய விரிவான நூலை உலக சுகாதார நிறுவனம் 1954-ஆம் ஆண்டில் வெளியிட்டது. பிறநாட்டு மருத்துவர்களும் அந்நூலை நெடுங்காலம் ஆதாரமாகக் கொண்டனர்.

புண்ணின் இயல்பும் சோதனையும்

டானவன் நோய்ப் புண்ணில் பெரும்பாலும் வலி இராது. இறைச்சியைப் போன்ற செந்நிறமாக மேலெழுந்து நிற்கும்; தொட்டால் எளிதில் இரத்தம் கசியும். தானே ஆறாது. வலியின்மையால் நோயாளி அதனைப் பொருட்படுத்துவதில்லை. வெட்கத்தால் பிறரிடம் சொல்வதுமில்லை. மாதங்கள் செல்லச் செல்லப் புண் பரந்து உறுப்பையே அரித்துவிடும். முற்றிய நிலையில் புற்றுநோயென்று தவறாக எண்ணி உறுப்பை அறுத்தகற்றும் நிலையும் நேரக்கூடும். சில மாத்திரைகளால் தீரக்கூடிய ஒரு நோய்க்கு உறுப்பையே இழப்பது எத்துணைக் கொடுமை!

இத்தவற்றைத் தடுக்கும் சோதனை மிக எளிது. புண்ணை உப்புநீரால் துடைத்தபின், அதன் ஓரத்திலிருந்து சிறு துணுக்குத் திசுவை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் அழுத்தித் தேய்க்க வேண்டும். அது காற்றில் உலர்ந்தபின் ஜீம்சா அல்லது லீஷ்மன் சாயம் ஏற்றி உருப்பெருக்கியில் நோக்க வேண்டும். இரு முனைகளும் அடர்ந்து நிறமேறிய கிருமிகள், மூடிய ஊக்கினைப் போன்ற தோற்றத்தோடு பெரிய உயிரணுக்களுக்குள் காணப்படும். சாயமும் உருப்பெருக்கியும் பயிற்சி பெற்ற கண்ணும் இருந்தால் அன்றே முடிவு தெரிந்துவிடும்.

மருந்தின் வளர்ச்சி

1913-ஆம் ஆண்டளவில் பிரேசில் நாட்டு மருத்துவர்கள் அஞ்சனக் கல்லுப்பு ஒன்றை இரத்தக் குழாயில் செலுத்தி இந்நோய்க்குச் சிகிச்சை செய்தனர். அம்மருந்து புண்ணை ஆற்றியதாயினும் உடலுக்கு நஞ்சாகவும் இருந்தது. புண் மீண்டும் தோன்றுவதும் உண்டு. 1940-களின் இறுதியில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. பின்னர் டெட்ராசைக்ளின் முதலியன வந்தன. இக்காலத்தில் அசித்ரோமைசின் முதல் மருந்தாகக் கொள்ளப்படுகிறது. வாரத்திற்கு ஒருமுறை 1 கிராம் வீதம் குறைந்தது 3 வாரங்கள், அதற்குமேலும் புண் முழுவதும் ஆறும்வரை, இதனை உட்கொள்ளல் வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும். முற்றும் ஆறிய பின்னும் 6 முதல் 18 மாதங்களுக்குள் மீண்டும் தோன்றக்கூடும் என்பதால் மறுபரிசோதனை இன்றியமையாதது.

ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் பழங்குடி மக்களிடையே இந்நோய் நெடுநாள் நிலவி வந்தது. அங்கே கிராமந்தோறும் சென்று நோயாளிகளைக் கண்டு, அசித்ரோமைசின் கொடுத்துத் தொடர்ந்து கவனித்தமையால் இப்போது அது அரிதாகிவிட்டது. இந்தியாவிலும் இது குறைந்துள்ளது. ஆனால் அரிதான நோய் என்பதால், இளம் மருத்துவர்கள் அதனைக் கண்டிராமல் தவறவிடும் அபாயமும் கூடவே வளர்ந்துள்ளது.

மேகப்புண்ணும் தாய்மாரும்

டானவன் தம் கண்டுபிடிப்பை வெளியிட்ட அதே 1905-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஷாடினும் ஹாஃப்மனும் மேகப்புண்ணின் சுருள் கிருமியைக் கண்டனர். மறு ஆண்டில் வாசர்மன் இரத்தச் சோதனை தோன்றியது. 1946-ஆம் ஆண்டில் வி.டி.ஆர்.எல். என்னும் எளிய சோதனை அமைந்தது. அதற்குரிய வினைப்பொருளைக் கல்கத்தாவிலுள்ள மத்திய அரசின் ஊநீரியல் நிலையம் தயாரித்து வழங்கி வந்துள்ளது.

மேகப்புண்ணின் முதற்புண்ணும் வலியற்றது. ஆனால் சில வாரங்களில் தானே ஆறிவிடும். நோய் நீங்கியது என்று நோயாளி எண்ணிக்கொள்கிறார். கிருமியோ உள்ளே தங்கிவிடுகிறது. பல ஆண்டுகளுக்குப்பின் இருதயத்தையும் மூளையையும் அது தாக்கக்கூடும். கருவுற்ற தாய்க்கு இந்நோய் இருந்தால் கரு சிதையலாம். குழந்தை இறந்தே பிறக்கலாம். பிறவியிலேயே நோயுடன் பிறக்கலாம்.

இத்தனைக்கும் மருந்து பெனிசிலின் ஒன்றே. 1943-ஆம் ஆண்டில் ஜான் மஹோனி என்னும் அமெரிக்க மருத்துவர் அதனைக் கொண்டு மேகப்புண் நோயாளிகள் நால்வருக்குச் சிகிச்சையளித்தார். தொடக்க நிலை நோய்க்கு 24 இலட்சம் அலகு பென்சத்தீன் பெனிசிலினை ஒருமுறை தசையில் செலுத்தினால் போதும். எத்தனையோ கிருமிகள் பெனிசிலினை எதிர்க்கப் பழகிவிட்ட போதிலும் மேகப்புண் கிருமி இன்றுவரை அதற்கு அடங்கியே உள்ளது.

விரல் நுனியில் எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு 20 நிமிடங்களுக்குள் முடிவு கூறும் சோதனைகள் இப்போது வந்துள்ளன. கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் வருகையிலேயே இச்சோதனை செய்தால், பேறுகாலத்திற்குக் குறைந்தது 4 வாரங்கள் முன்னரே சிகிச்சை முடித்துக் குழந்தையைக் காக்கலாம். தாயிடமிருந்து சேய்க்கு மேகப்புண்ணும் எச்.ஐ.வி.யும் பரவுதலை ஒழித்த நாடென இலங்கை 2019-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றினைப் பெற்றது. அண்டை நாட்டில் இயன்றது இங்கும் இயலும்.

வி.டி.ஆர்.எல். சோதனையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மலேரியா, தொழுநோய் முதலியவற்றிலும் சிலவேளை அது நோய் உள்ளதெனக் காட்டிவிடும். ஆதலின் மற்றொரு சோதனையால் உறுதி செய்தபின்னரே ஒருவருக்கு இந்நோய் உண்டெனக் கூறல் வேண்டும். தவறான ஒரு சொல்லால் ஒரு குடும்பமே குலையக்கூடும்.

அறிகுறி வழிச் சிகிச்சை

எல்லாச் சுகாதார நிலையங்களிலும் ஆய்வுக்கூடம் அமைவதில்லை. ஆகவே அறிகுறிகளைக் கொண்டே சிகிச்சையளிக்கும் முறையைத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நாடெங்கும் பரப்பியது. மருந்துப் பொட்டலங்கள் நிறத்தால் வேறுபடுத்தப்பட்டன. பிறப்புறுப்புப் புண்ணுக்கு வெள்ளைப் பொட்டலம். அதில் பென்சத்தீன் பெனிசிலினும் ஒரு வேளை அசித்ரோமைசினும் அடங்கும். இம்முறையால் நோயாளி வந்த நாளிலேயே மருந்து பெறுகிறார். இது பெரும் நன்மையே.

எனினும் இதற்கு எல்லை உண்டு. ஒருவேளை அசித்ரோமைசின் டானவன் நோய்க்குப் போதாது. எனவே வெள்ளைப் பொட்டலம் பெற்றும் ஆறாத புண்ணை ஆய்வுக்கூடமுள்ள மருத்துவமனைக்கு அனுப்புதல் கடமையாகும். மேலும் கிளமிடியா, வெட்டை ஆகியவை பெண்களிடம் அறிகுறி ஏதுமின்றியே இருந்து மகப்பேறின்மைக்குக் காரணமாகலாம். அவர்களைச் சோதனையாலன்றி அறிதல் அரிது. வெட்டை நோயின் கிருமி, சல்ஃபா மருந்துகளையும் பெனிசிலினையும் அடுத்து வந்த பிறவற்றையும் ஒவ்வொன்றாக வென்றுவிட்டது. கடையில் கேட்டு வாங்கி அரைகுறையாக உட்கொள்ளும் மாத்திரை அக்கிருமிக்கே துணையாகும்.

களப்பணியாளரும் ஆசிரியரும்

இந்நோய்களைக் குணப்படுத்தும் மருந்துகள் உள்ளன. ஆனால் புண் தோன்றிய நாளுக்கும் நோயாளி மருத்துவரை நாடும் நாளுக்கும் இடையே மாதங்கள் கழிகின்றன. அவ்விடைவெளியைக் குறைப்பதே களப்பணியாளரின் வேலை. நோயாளியின் பெயரையும் நிலையையும் பிறரறியாமல் காத்தல், அவருடைய துணைவரையும் பரிசோதனைக்கு அழைத்து வருதல், மருந்தை முடிவுவரை உட்கொள்ளச் செய்தல், ஆணுறையின் பயனை விளக்குதல் ஆகியவை அப்பணியின் கூறுகள்.

மற்றொரு பங்கு ஆசிரியருக்கு உரியது. வளரிளம் மாணவருக்கு உடலைப் பற்றிய செய்திகளைத் தயக்கமின்றி, அறிவியல் நெறியில் கற்பிக்க வேண்டும். வலியில்லாத புண் தீங்கற்ற புண் அன்று என்னும் ஒரு செய்தியையேனும் அவர்கள் மனத்தில் பதித்தல் நன்று. 1905-இல் அந்த வார்டுப் பையனின் புண்ணை ஒதுக்கித் தள்ளாமல் உருப்பெருக்கியில் வைத்து நோக்கியமையால்தான் நோயின் காரணம் தெரிந்தது. முகஞ்சுளிக்காமல் நோக்கும் அந்தக் கண்ணே இன்றும் சுகாதாரப் பணிக்கு வேண்டுவது.