மொட்டை மாடியில் ஒரு கப்பல்

டீக்கடைக்கு எதிரே நிற்கும் தெருவிளக்கைப் பாருங்கள். அடியில் போய் நின்றால் உச்சந்தலைக்கு நேரே இருக்கும். விலக விலகத் தாழும். கம்பத்தைச் சுற்றி ஒரே தூரத்தில் நடந்தால் விளக்கின் உயரக் கோணம் மாறாது. ஆக, கோணம் தெரிந்தால் எந்த வட்டத்தின் மேல் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். வட்டத்தில் எந்தப் புள்ளி என்பது மட்டும் பாக்கி. வானத்தைப் பார்த்துக் கப்பல் ஓட்டும் வித்தைக்கு அடிப்படை இதுதான். விளக்குக்குப் பதில் சூரியன்.

இந்த விளக்கு ஓரிடத்தில் நிற்காது, மணிக்கு 15 பாகை மேற்கே ஓடும். எந்த நொடியில் அது எந்த இடத்துக்கு நேர் உச்சியில் என்று சொல்லவே 1767 முதல் பிரிட்டனில் 'நாட்டிகல் அல்மனாக்' வருகிறது, மாலுமிகளின் பஞ்சாங்கம். இந்தக் கணக்கைப் போட செல்போனுக்குச் செயலி எழுதுகிறவர் அந்தப் பஞ்சாங்கத்தைச் சூத்திரமாக்கி உள்ளே வைக்கிறார். சூரியன் சுலபம். சந்திரன் படுத்தும்.

அடுத்த கணக்கு மார்க் செயின்ட் இலேர் என்ற பிரெஞ்சு கடற்படை அதிகாரி 1875-ல் வெளியிட்டது. உத்தேசமாக ஓர் இடத்தை வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பார்த்தால் சூரியன் 50 பாகை 10 கலை (பாகையில் அறுபதில் ஒன்று ஒரு கலை) உயரத்தில் தெரிய வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. கோணம் அளக்கும் கருவியான செக்ஸ்டன்டில் அளந்தால், திருத்தங்கள் போக, 50 பாகை 15 கலை. அப்படியானால் உத்தேச இடத்தைவிட 5 கடல் மைல் சூரியன் பக்கமாக இருக்கிறீர்கள். கலைக்கு ஒரு மைல். அங்கே குறுக்காக ஒரு கோடு. சில மணி நேரம் கழித்து இன்னொரு கோடு. இடையில் கப்பல் போன தூரத்தையும் சேர்த்தால், இரண்டும் வெட்டும் இடத்தில் கப்பல். 1979-ல் வந்த ஹெச்பி-41சி கால்குலேட்டரே இதைச் செய்தது.

நிரல் சறுக்குவது இங்கல்ல, எண்ணை உள்ளே வாங்கும் இடத்தில். 52 பாகை 18.5 கலையை 52.185 என்று வாங்கிக்கொண்டால் ஏழு மைலுக்கு மேல் பிசகும். சரியான எண் 52.308. சைன் 30 என்று கேட்டால் அரை வர வேண்டும். ரேடியனில் வேலை செய்யும் நிரல் மொழி மைனஸ் 0.988 தரும். எனக்குப் பிடித்த பிழை நேரத்தில் வருவது. கிரீன்விச் நேரம் கேட்கும் இடத்தில் நம் ஊர் நேரத்தைக் கொடுத்தால் ஐந்தரை மணி, அதாவது 82.5 பாகை தப்பும். சென்னைக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல் கடலே இல்லாத புர்கினா பாசோவில் போய் நிற்கும்! இது பெரிய பிழை, உடனே மாட்டிக்கொள்ளும். கடிகாரம் நான்கு நொடி தவறினால் ஒரு கலைதான், யாருக்கும் தெரியாது. அதற்குத்தான் நான் பயப்படுவேன்.

போனே கோணத்தையும் அளக்கக் கூடாதா என்று கேட்பார்கள். சாய்வுமானி கால் பாகை தவறினாலும் 15 மைல். செக்ஸ்டன்ட் இருக்கட்டும்.

சோதித்துப் பார்க்கக் கடல் வேண்டாம், மொட்டை மாடி போதும். அடிவானத்துக்குப் பதிலாகத் தட்டில் எண்ணெய் ஊற்றி, சூரியனுக்கும் அதன் பிம்பத்துக்கும் இடையே உள்ள கோணத்தை அளந்து பாதியாக்குங்கள். அடிவானத் தாழ்வுத் திருத்தமும் வேண்டியதில்லை. செக்ஸ்டன்டின் கறுப்புக் கண்ணாடிகளைப் போடாமல் மட்டும் பார்க்காதீர்கள்.