பொழுதுபோக்குக்கும் ஒரு பேரேடு

1990இல் நின்ற யாழ்தேவி, 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணம் திரும்பியது. அதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் வீட்டில் ஓடும் மாதிரி ரயில் கேட்பது இயல்புதான். கேட்ட தகப்பன்மாருக்கு நான் சொல்லும் கணக்கு இது.

ஹோர்ன்பி எஞ்சினுக்கு விலை பவுணில். 2022 தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. பவுணும் கூடவே ஏறியது. சரக்கு அதேதான், விலை வேறு.

வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று பறக்கும் பட்டத்துக்கு மூங்கில், தாள், நூல் போதும். ஆனால் பட்டம் கிழியும். புறாவோ தினமும் தீனி கேட்கும். பேணி வைத்த எஞ்சின் பெட்டியோடு இருந்தால் மறுபடி விலைபோகும்.

ஆகவே வாங்கும் விலையோடு நிற்காமல், தினச்செலவையும் விற்றால் மிஞ்சுவதையும் சேர்த்துப் பாருங்கள். எதுவானாலும் இலாபத்தில் வாங்குங்கள். கடை முதலில் கைவைக்காதீர்கள்.