உஷார்! பாட்டு நின்ற பிறகும் மீட்டர் ஓடுகிறது

இன்று ராத்திரி படுக்கப் போகுமுன் ஹாலில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் மேல்தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பாட்டு நின்று இரண்டு மணி நேரம் ஆகியிருக்கட்டும். டிவி அணைந்திருக்கட்டும். அப்படியும் தகடு கதகதவென்று சுட்டால், யாரும் கேட்காத பாட்டுக்கு உங்கள் வீட்டில் கரண்ட் பில் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தச் சூடு வேறெங்கிருந்தும் வரவில்லை, மீட்டர் வழியாகத்தான் வந்திருக்கிறது.

ஏசி, கீசர், அயர்ன் பாக்ஸ் மேல் எல்லா வீட்டிலும் ஒரு கண் இருக்கிறது. "கீசரை அணைச்சியா?" என்று குரல் கொடுக்காத அம்மா கிடையாது. ஹோம் தியேட்டரை அணைத்தாயா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், "அது சும்மாதானே கிடக்கு, என்ன கரண்ட் இழுத்துடப் போகுது?" என்று பதில் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2000 வாட் கீசர் பதினைந்து நிமிடம் ஓடினால் அரை யூனிட். 60 வாட் இழுக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒரு பகல், ஓர் இரவு சும்மா கிடந்தால் 1.44 யூனிட். மூன்று பேர் வெந்நீரில் குளித்த கரண்ட், ஒரு பாட்டுகூடப் பாடாமல் போய்விடுகிறது.

சத்தமே வராதபோது எதற்காக இழுக்கிறது? ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் அவுட்புட் டிரான்ஸிஸ்டர்கள் முழுக்கத் தூங்கிவிட்டால், அடுத்த சுரம் வரும்போது ஒலி சிதைந்து வரும். அதனால் எந்நேரமும் கொஞ்சம் மின்சாரத்தை அவற்றின் வழியாக ஓடவிட்டே வைப்பார்கள். மெக்கானிக்குகள் இதை 'பயாஸ்' என்பார்கள். சிக்னலில் நிற்கும்போதும் பைக்கை அணைக்காமல் உறுமவிட்டு நிற்பது மாதிரி. பச்சை விழுந்ததும் சீறிப் புறப்படலாம்; ஆனால் நிற்கும் நேரமெல்லாம் பெட்ரோல் கரையும். பலர் வீட்டில் இருக்கும் 5.1, 7.1 சேனல் ஏவி ரிசீவர்கள் பெரும்பாலும் 'கிளாஸ் ஏபி' வகை. ஐந்து அல்லது ஏழு ஆம்ப்ளிஃபயர்கள் ஒரே பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. கூடவே வீடியோவைக் கையாளும் சர்க்யூட்டும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் சிப்பும் வேறு. எல்லாம் சேர்ந்து, ஒரு சத்தமும் இல்லாமலே 40 முதல் 80 வாட் வரை இழுப்பது சாதாரணம்.

இதில் நெஞ்சைச் சுடுகிற விஷயம் ஒன்று உண்டு. பாட்டு கேட்பதற்கு ஆகும் மின்சாரம் மிகக் கொஞ்சம். ஒரு சராசரி ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தாலும் ஒரு மீட்டர் தள்ளி 86, 88 டெசிபல் சத்தம் வரும். ஹாலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே கேட்பதற்கு அதுவே அதிகம். ஆக, ஸ்பீக்கருக்குப் போவது ஒரு வாட்டோ இரண்டு வாட்டோ. மிச்சமெல்லாம் பெட்டியைச் சூடாக்குகிறது. அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் 'பிஎம்பிஓ' வாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. விற்பதற்காகப் போட்ட எண் அது. பில்லைத் தீர்மானிப்பது, சும்மா கிடக்கும்போது இழுக்கும் வாட்.

'கிளாஸ் ஏ' ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களும் வால்வு செட் வைத்திருப்பவர்களும் இன்னும் அதிகமாகப் பயப்பட வேண்டும். கிளாஸ் ஏ பெட்டி பாடினாலும் பாடாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவு இழுக்கும். நூறு, இருநூறு வாட் எல்லாம் அதற்குச் சாதாரணம். வால்வு செட்டில் குழாய்க்குள் இழை எரிய வேண்டும். ஈஎல்34 வால்வு ஒன்றின் இழைக்கு மட்டும் 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர், அதாவது ஒன்பதரை வாட். நான்கு வால்வு இருந்தால், பாட்டுக்கு ஒரு பைசா செலவாகும் முன்பே 38 வாட் எரிந்துவிடுகிறது. அந்த வால்வின் ஆயுளும் சில ஆயிரம் மணி நேரம்தான். இரவு பகலாக எரியவிட்டால் சில மாதங்களிலேயே தீர்ந்துபோகும். மாற்று வால்வு என்ன விலை என்று வாங்கியவர்களுக்குத் தெரியும். புதிதாக வரும் 'கிளாஸ் டி' பெட்டிகள் சும்மா இருக்கும்போது சில வாட்டோடு நின்றுகொள்கின்றன. உங்களுடையது அந்த வகை என்றால் பயம் குறைவு.

இனி பில்லுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் கரண்ட் கட்டணம் நேர்கோட்டில் ஏறுவதில்லை. படிப்படியாக ஏறும், ஒரு படியில் சறுக்கிவிடும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலையில் இது இன்னும் ஏறியது. அந்த 2022 கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் தலா 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டி ஒரே ஒரு யூனிட் போனாலும் அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும். அந்த நூறு யூனிட்டுக்கும் 4.50 கட்ட வேண்டும். தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய். அதாவது 501-ஆவது யூனிட் என்கிற அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்!

ஒரு வீட்டில் எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் ஆகிறது என்று வையுங்கள். பில் 1,425 ரூபாய். அந்த வீட்டில் 60 வாட் இழுக்கும் ரிசீவர் ஒன்று வருகிறது. நாளைக்கு மூன்று மணி நேரம் பாட்டோ படமோ ஓடுகிறது. மிச்சம் 21 மணி நேரம் அணைக்காமலே கிடக்கிறது. அந்த 21 மணி நேரக் கரண்ட் மட்டும் 60 நாளில் 76 யூனிட். பாட்டு ஓடும் மூன்று மணி நேரத்தைச் சேர்க்காமலே 450 என்பது 526 ஆகிறது. பில் 2,158 ரூபாய். யாரும் எதையும் கேட்காத நேரத்துக்கு 733 ரூபாய்! வருடத்துக்கு ஆறு பில். சுமார் 4,400 ரூபாய். நடுத்தரக் குடும்பத்தில் இது பள்ளிக்கூடப் புத்தகக் காசு. பில் ஏறியதும் வீட்டில் ஏசியைத் திட்டுவார்கள், மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று மின்வாரியத்தில் மனு கொடுப்பார்கள், ரீடிங் எடுக்க வந்தவரிடம் சண்டைக்கு நிற்பார்கள். டிவிக்குக் கீழே கதகதவென்று கிடக்கும் பெட்டியை யாரும் சந்தேகப்படுவதில்லை.

"நாங்கதான் ரிமோட்ல ஆஃப் பண்ணிடறோமே" என்பவர்களுக்கும் உஷார் சொல்ல வேண்டியிருக்கிறது. ரிமோட்டின் கட்டளையைக் கேட்பதற்கே பெட்டிக்குள் ஏதோ ஒன்று விழித்திருக்க வேண்டும். நல்ல பெட்டியில் அது அரை வாட்டுக்குள் முடிந்துவிடும். விலை குறைந்த 2.1, 5.1 செட்டுகள் பலவற்றில் ரிமோட்டை அழுத்தினால் சத்தம் மட்டும் நிற்கிறது. உள்ளே இருக்கும் இரும்பு டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டில் மாட்டிக்கொண்டே கிடக்கிறது. ஐந்து, பத்து வாட் ஓடிக்கொண்டே இருக்கும். பத்து வாட் என்றால் இரண்டு மாதத்தில் 14 யூனிட். பெரிய ரிசீவர்களில் வேறு ஒரு சிக்கல். பெட்டி அணைந்திருக்கும்போதும் செட்-டாப் பாக்ஸின் படத்தை டிவிக்குக் கடத்துவதற்கு 'எச்டிஎம்ஐ பாஸ்-த்ரூ' என்று ஒரு வசதி. போனிலிருந்து எழுப்புவதற்கு 'நெட்வொர்க் ஸ்டாண்ட்பை' என்று இன்னொன்று. இரண்டையும் மெனுவில் ஆன் செய்து வைத்திருந்தால், அணைந்ததாகக் காட்டும் பெட்டி உள்ளே பாதித் தூக்கத்தில்தான் கிடக்கும். தேவையில்லை என்றால் இன்றே மெனுவுக்குள் போய் அணைத்துவிடுங்கள். அதே மெனுவில் 'ஆட்டோ ஸ்டாண்ட்பை' என்று இருக்கும். சத்தம் வராமல் பதினைந்து, முப்பது நிமிடம் போனால் பெட்டி தானாகவே படுத்துவிடும். 'ஈகோ மோட்' இருந்தால் அதையும் போடுங்கள். சப்-வூஃபரின் முதுகில் 'ஆன் – ஆட்டோ' என்று ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். பொருத்த வந்தவர் 'ஆன்'-இல் விட்டுப் போயிருந்தால் அது வாங்கிய நாளிலிருந்து அணைந்ததே இல்லை. அதன் சொந்த ஆம்ப்ளிஃபயர் தனியாகப் பத்து, இருபது வாட் தின்றுகொண்டிருக்கும். பக்கத்தில் இருக்கும் செட்-டாப் பாக்ஸும் லேசுப்பட்டதில்லை. ரிமோட்டில் அணைத்த பிறகும் பல பாக்ஸ்கள் ஓடும்போது இழுப்பதற்குக் கிட்டத்தட்ட சமமாக இழுக்கும்.

இந்தத் திருட்டை உலகம் கவனித்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மெய்யர், ஸ்டாண்ட்பையில் எந்தக் கருவியும் ஒரு வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்ற யோசனையை முன்வைத்தார். பன்னாட்டு எரிசக்தி முகமை 1999-இல் அதைத் தன் கொள்கையாக எடுத்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் ஒரு வாட், 2013-இல் அரை வாட் என்று சட்டமாகவே போட்டது. அதற்கு முன்னால் வந்த பழைய பெட்டிகளும், சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த பெட்டிகளும் இந்தச் சட்டத்தையெல்லாம் அறியாதவை. அவற்றை அணைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஒலிப் பிரியர்கள் சிலர் வேண்டுமென்றே அணைப்பதில்லை. எப்போதும் சூடாக இருந்தால்தான் நாதம் கனியும், அடிக்கடி அணைத்துப் போட்டால் பெட்டி கெட்டுவிடும் என்கிறார்கள். அவர்களுடைய இசை ஆர்வத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, இந்த வாதத்தை மட்டும் ஏற்கமாட்டேன். ஆம்ப்ளிஃபயர் சூடேறி நிலைப்பட அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். கேட்க உட்காரும் முன் போட்டுவிட்டுக் காபி குடித்துவிட்டு வரலாம். போடும்போது பெட்டிக்குள் திடீரென்று மின்சாரம் பாய்வது உண்மைதான். ஆனால் பெட்டியை மெல்ல மெல்லக் கொல்வது சூடு. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள், ஒவ்வொரு பத்து டிகிரிச் சூட்டுக்கும் பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் துறையில் பால பாடம். 85 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று முத்திரை குத்திய சாதாரண கெபாசிட்டரை 55 டிகிரியில் வைத்தால் சுமார் 16,000 மணி நேரம் வரும். இரவு பகலாக ஓடினால் அது இரண்டு வருடம்கூட இல்லை. நாளைக்கு நான்கு மணி நேரம் ஓடினால் பத்து வருடத்தைத் தாண்டும். பெட்டி நீடிக்க வேண்டுமென்றால் அணைக்கத்தான் வேண்டும்.

அதிலும் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைத்து, தூசு படக் கூடாதென்று மேலே பூ வேலைத் துணி விரித்துவிட்டு, அணைக்காமல் ஊருக்குப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு நிஜமாகவே பதறுகிறது. காற்றுத் துளையைத் துணி மூடியிருக்கும். உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். இது பில்லைத் தாண்டிய ஆபத்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும், கேபிள் டிவி வயரையும் பிடுங்கி வைத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள், ஹோம் தியேட்டர் பாயின்ட் அதில் சேர்ந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். சேர்ந்திருந்தால் கரண்ட் போன ராத்திரியில் ஃபேனுக்கு வேண்டிய பேட்டரியை, யாரும் கேட்காத ஆம்ப்ளிஃபயர் குடித்துக்கொண்டிருக்கும்.

உங்கள் வீட்டில் எவ்வளவு வீணாகிறது என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். மின்வாரியத்தின் டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பகல் வேளையில் ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒலிப் பெட்டிகளை மட்டும் சத்தமில்லாமல் ஆனில் விடுங்கள். ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் எத்தனை வினாடி என்று போனில் பாருங்கள். 1125-ஐ அந்த வினாடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். 15 வினாடி என்றால் 75 வாட். 1600 என்று அச்சிட்டிருந்தால் 2250-ஐ வகுக்க வேண்டும். பிறகு ரிமோட்டில் அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். சிமிட்டல் நின்றுபோனது போல் மெதுவானால் நல்லது. பழையபடியே சிமிட்டினால் உங்கள் ரிமோட் உங்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது.

நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது: சுவரில் ஒவ்வொரு பிளக் பாயின்ட்டுக்கும் பக்கத்திலேயே சுவிட்ச். பல நாடுகளில் இது கிடையாது. பிளக்கைப் பிடுங்கினால்தான் உண்டு. நம்மவர்கள் அந்த சுவிட்சை டிவி அலமாரிக்குப் பின்னால் மறைத்துவிட்டு ரிமோட்டை நம்பிக்கொண்டிருக்கிறோம். ரிசீவர், சப்-வூஃபர், செட்-டாப் பாக்ஸ் மூன்றையும் தரமான ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டி, அதன் சுவிட்ச் கைக்கு எட்டும்படி வெளியே எடுத்து வையுங்கள். ரிமோட்டில் அணைத்து, பத்து வினாடி கழித்து இதை அணையுங்கள். புரொஜெக்டரை மட்டும் இந்தப் போர்டில் சேர்க்காதீர்கள். விளக்குள்ள புரொஜெக்டரில் அணைத்த பிறகும் உள்ளே ஃபேன் சுற்றி விளக்கைக் குளிர்விக்கும். அது நிற்கும் முன் கரண்டைப் பிடுங்கினால் விளக்கு போய்விடலாம்.

கடைசி ரீடிங் எடுத்த தேதியும் எண்ணும் உங்கள் பில்லில் இருக்கிறது. மீட்டரில் இன்றைய எண்ணைப் பாருங்கள். ஆன நாளுக்கு எத்தனை யூனிட் என்று வகுத்து 60-ஆல் பெருக்குங்கள். விடை 510, 540 என்று வருகிறதா? அப்படியென்றால் அடுத்த ரீடிங்குக்கு இன்னும் எத்தனை ராத்திரி பாக்கியிருக்கிறதோ, அத்தனை ராத்திரியும் அந்த சுவிட்சை அணைத்தால் இந்த பில்லையே 500-க்குள் நிறுத்தப் பார்க்கலாம்.