வட்டவளை மழைக்கும் வானத்துச் செய்மதிக்கும் என்ன வழக்கு, தெரியுமா?

ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேலே கொட்டித் தீர்க்கும் மலையகத்து வட்டவளையில், மழை வலுத்ததும் டிஷ் அன்டனாவில் படம் ஏன் உறைந்துபோகிறது, தெரியுமா? செய்மதி அனுப்பும் கே.யூ. (Ku) அலையின் நீளம் வெறும் இரண்டரை சென்ரிமீற்றர். மழைத்துளிகள் அதை உறிஞ்சும், சிதறடிக்கும். வெற்றிடத்தில் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் ஓடிவந்த அலை, கடைசிச் சில கிலோமீற்றர் மழையில் தோற்றுப்போகிறது!

செய்மதிக்கு அவ்வளவு உயரம் ஏன்? 35,786 கிலோமீற்றரில், செக்கனுக்கு 3 கிலோமீற்றர் வேகத்தில் பறந்தால்தான் பூமி ஒருதரம் சுழலும் அதே நேரத்தில் செய்மதியும் ஒரு சுற்றை முடிக்கும். அதனால்தான் அது நமக்கு அசையாமல் நிற்கிறது. லயத்துக் கூரையில் டிஷ்ஷை ஒருமுறை திருப்பி முறுக்கினால் போதும். இப்படித் தகவல் அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் இலங்கையில்தான் வாழ்ந்தார்!

இலங்கையும் பங்கேற்கும் செய்மதி ஒன்று மேலே இருப்பது தெரியுமா? ஜிசாட்-9 என்னும் தெற்காசியச் செய்மதி, 2017 மே 5இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. எடை 2,230 கிலோ. இடம் கிழக்கு 48 பாகை. வட்டவளையிலிருந்து அண்ணாந்தால் மேற்கு வானம், சற்றே தெற்குச் சாய்வு. தென்மேற்குப் பருவ மேகம் வரும் பக்கமேதான்!

ஜிசாட்-9இன் ஆயுள் 12 ஆண்டுக்கு மேல் என்று கணித்தார்கள். இயந்திரம் தேய்வதற்கு முன்பே எரிபொருள் தீர்ந்துவிடும் என்பதுதான் இத்தகைய செய்மதிகளின் பெருங்கவலை. சூரியனும் சந்திரனும் அதை வடக்கும் தெற்குமாக இழுக்கின்றன. பூமியின் நடுக்கோடும் சரியான வட்டமில்லை. அதனால் கிழக்கு மேற்காகவும் நழுவும். ஒவ்வொரு நழுவலையும் சிறு உந்திகள் திருத்தவேண்டும். எண்ணெய் நிரப்ப அங்கே ஷெட் ஏது? அதனால்தான் ஜிசாட்-9இல் செனோன் வாயுவை மின்சாரத்தால் பீய்ச்சும் உந்திகளையும் பொருத்தினார்கள். குறைந்த எரிபொருளே போதும். கடைசித் துளிகளைச் செலவழித்து, ஏறத்தாழ 300 கிலோமீற்றர் மேலே போய் ஒதுங்குவதுதான் முறையான ஓய்வு.

ஒதுங்காமல் செயலிழந்தவற்றில் பல எங்கே ஊசலாடுகின்றன, தெரியுமா? கிழக்கு 75 பாகையைச் சுற்றி. மாலைதீவுக்குப் பக்கத்து வானம்!

இன்னொன்று. மார்ச்சிலும் செப்டெம்பர் கடைசியிலும் சில நாட்கள், சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வந்து, தன் வானலை இரைச்சலால் சில நிமிடங்கள் சிக்னலை அமுக்கிவிடும். வெயிலடிக்கும்போதே படம் போனால், டிஷ்ஷைத் திருகக் கூரையேறாதீர்கள். தானாகவே திரும்பி வரும்.