தட்டணு தூண்டு காரணி: பெயரும் பணியும்

ஆய்வுச் சுருக்கம்

மிக நுண்ணிய அளவில் தோன்றிச் சில நிமிடங்களில் மறைந்துவிடும் கொழுப்புச் சேர்மம் தட்டணு தூண்டு காரணி. அது விளைவிக்கும் நோயின் கடுமை, சுரக்கும் அளவை மட்டுமன்றி, அதனைச் சிதைக்கும் நொதியின் திறனையும் சார்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தட்டணு, அழற்சி, ஒவ்வாமை அதிர்ச்சி, ஏற்பி, அசெட்டைல்ஹைட்ரோலேஸ்.

முன்னுரை

ஜாக் பென்வெனிஸ்ட், பீட்டர் ஹென்சன், சார்லஸ் காக்ரேன் ஆகிய மூவரும் முயலின் குருதியில் நிகழும் ஒவ்வாமை வினையை ஆராய்ந்து 1972ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். பேசோஃபில் எனும் வெள்ளணுக்கள் தூண்டப்படும்போது கரையக்கூடிய ஏதோ ஒரு பொருளை வெளியிடுகின்றன. அப்பொருள் பட்டதும் தட்டணுக்கள் ஹிஸ்டமினை உமிழ்கின்றன என்பது அவர்கள் கண்ட உண்மை. அப்பொருளின் வேதி அமைப்பு அப்போது தெரியாது. ஆகவே அது செய்த வேலையையே பெயராக்கினர். (பென்வெனிஸ்டின் பெயர் பின்னாளில் ‘நீரின் நினைவாற்றல்’ குறித்த 1988ஆம் ஆண்டுச் சர்ச்சையால்தான் பரவலாக அறியப்பட்டது என்பது வேறு செய்தி.)

அமைப்பு 1979இல் தெளிவானது. டெமோபௌலோஸ், பின்கார்ட், ஹனஹன் ஆகியோர் அது கோலைன் தாங்கிய ஒரு பாஸ்போலிப்பிடு எனக் காட்டினர். அதே ஆண்டில், சிறுநீரகத்தில் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் கொழுப்புப் பொருளைத் தேடிக்கொண்டிருந்த வேறொரு குழுவினரும் இதே மூலக்கூறை வந்தடைந்தனர். அவர்கள் முந்தியிருந்தால் இன்று நாம் இதனை ‘அழுத்தம் தணிக்கும் காரணி’ என்று படித்துக்கொண்டிருப்போம். பெயர் ஒரு தற்செயல் என்பதை இங்கேயே மனங்கொள்ள வேண்டும்.

உருவாக்கமும் சிதைவும்

செல் சவ்விலுள்ள பாஸ்போலிப்பிடுகளே இதன் மூலப்பொருள். கிளிசரால் முதுகெலும்பின் முதல் இடத்தில் ஈதர் பிணைப்பால் இணைந்த நீண்ட சங்கிலியும், இரண்டாம் இடத்தில் அராக்கிடோனிக் அமிலமும், மூன்றாம் இடத்தில் பாஸ்போகோலைனும் அமைந்த மூலக்கூறு சவ்வில் காத்திருக்கிறது. செல் தூண்டப்பட்டதும் பாஸ்போலிப்பேஸ் ஏ2 எனும் நொதி இரண்டாம் இடத்து அமிலத்தை வெட்டி நீக்குகிறது. வெற்றிடமான அவ்விடத்தில் வேறொரு நொதி சிறியதோர் அசெட்டைல் தொகுதியைப் பொருத்துகிறது. அவ்வளவே, சவ்வின் கட்டுமானப் பொருள் ஒன்று, செல்களுக்கிடையே செய்தி கடத்தும் பொருளாகிவிடுகிறது. வெட்டி நீக்கப்பட்ட அமிலமும் வீணாவதில்லை. அதிலிருந்து புரோஸ்டாகிளாண்டின்களும் லூகோட்ரையீன்களும் உருவாகின்றன. ஒரே வெட்டில் அழற்சியின் இருவகைத் தூதுவர்கள் பிறப்பதால், ஒன்றை மட்டும் தடுத்து அழற்சியை அடக்குவது எளிதன்று.

சிதைவும் இதே எளிமை உடையது. குருதி நீர்மத்திலுள்ள அசெட்டைல்ஹைட்ரோலேஸ் என்னும் நொதி அந்த அசெட்டைல் தொகுதியைக் கழற்றிவிட்டால் மூலக்கூறு செயலிழந்துபோகும். இந்நொதியின் பெரும்பகுதி, ‘கெட்ட கொழுப்பு’ என மக்கள் வழங்கும் எல்.டி.எல் துகள்களோடு ஒட்டிக்கொண்டே குருதியில் சுற்றுகிறது.

தட்டணுவுக்கு அப்பால்

இக்காரணிக்குரிய ஏற்பியின் மரபணு கினிப்பன்றியின் நுரையீரலிலிருந்து 1991இல் பிரித்தெடுக்கப்பட்டது. தட்டணுக்களில் மட்டுமன்றி நியூட்ரோஃபில்கள், மேக்ரோபேஜ்கள், குருதிக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் முதலியவற்றிலும் அவ்வேற்பி உள்ளது. எனவே இக்காரணி நுண்குழாய்களில் கசிவை உண்டாக்குகிறது, மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது, வெள்ளணுக்களை ஈர்க்கிறது.

எலியினத்தின் சான்று இங்கு மிகவும் சுவையானது. எலியின் தட்டணுக்கள் இக்காரணிக்குச் சற்றும் இணங்குவதில்லை. ஆயினும் இதனை எலியின் குருதியில் செலுத்தினால் இரத்த அழுத்தம் சரிகிறது. 1983இல் கொன்சாலஸ்-குருசியும் ஷூவேயும் செய்த ஆய்வில் எலிகளின் குடல் திசு அழுகிச் செத்தது. தட்டணுவைத் தூண்டாமலேயே தட்டணு தூண்டு காரணி இத்தனையும் செய்கிறது! குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் குடல் திசு அழிவு நோயில் இதன் பங்கை ஆராயும் வழியை அவ்வாய்வே திறந்தது. பச்சிளங்குழந்தையின் குருதியில் சிதைக்கும் நொதி குறைவாகவே இருக்கும். தாய்ப்பாலிலோ அந்நொதி உண்டு. தாய்ப்பால் பெறும் குறைமாதக் குழந்தைகளிடம் இந்நோய் குறைவாகக் காணப்படுவதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்றாகலாம்.

ஒவ்வாமை அதிர்ச்சி

ஒரே நிலக்கடலை ஒருவருக்குத் தடிப்பையும் மற்றொருவருக்கு மரணத்தையும் தருவது ஏன்? வடாஸ் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவுக்கு ஒரு விடையளித்தது. அதிர்ச்சியின் கடுமை கூடக்கூடக் குருதியில் இக்காரணியின் அளவும் கூடியிருந்தது. சிதைக்கும் நொதியின் செயற்பாடு குறைந்திருந்தது. நிலக்கடலை ஒவ்வாமையால் இறந்தோரிடம் அந்நொதி, ஒப்பீட்டுக் குழுக்களைக் காட்டிலும் தெளிவாகக் குறைந்து காணப்பட்டது.

எனினும் நொதிக் குறைவு தன்னளவில் நோயாகாது. ஜப்பானியருள் ஏறத்தாழ 4 விழுக்காட்டினருக்கு மரபணு மாற்றமொன்றால் குருதியில் இந்நொதிச் செயற்பாடு அறவே இல்லை. அவர்களுள் பெரும்பாலோர் இயல்பாகவே வாழ்கின்றனர். காரணி பெருமளவில் சுரக்கும் நெருக்கடியிலேயே இக்குறை வெளிப்படும் எனக் கொள்வது பொருத்தம்.

மருந்து முயற்சிகள்

ஏற்பியை அடைத்தால் போதும் என்ற நம்பிக்கை 1980களில் வலுவாக இருந்தது. ஜிங்கோ மரத்திலிருந்து கிடைத்த ஜிங்கோலைடு பி, கடும் செப்சிஸ் நோயாளருள் ஒரு பிரிவினருக்கு நன்மை தருவதாக 1994இல் தோன்றியது. 1998இல் வெளியான பெரிய ஆய்வு அதனை உறுதிசெய்யவில்லை. கணைய அழற்சியில் லெக்சிபாஃபன்ட்டும் 2001இல் ஏமாற்றமே அளித்தது. நொதியையே மருந்தாக்கிச் செலுத்திய செப்சிஸ் ஆய்வும் இறப்பைக் குறைக்கவில்லை. நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவை அடைவதற்குள் இக்காரணி தன் வேலையை முடித்து, பிற தூதுவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடுகிறது என்பதே இத்தோல்விகளுக்கு ஏற்புடைய விளக்கமாகத் தோன்றுகிறது.

இதற்கு நேர்மாறான திசையிலும் முயன்றனர். இந்நொதி தமனிச்சுவரின் கொழுப்புப் படிவுகளில் தீங்கு செய்வதாகக் கருதி, அதனைத் தடுக்கும் டாராப்லாடிப் மருந்தை 15,000க்கும் மேற்பட்ட இதய நோயாளரிடம் சோதித்தனர். 2014இல் வெளியான முடிவில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றின் கூட்டளவு குறிப்பிடத்தக்க வகையில் குறையவில்லை.

நடைமுறையில் நிலைத்தது ருபாடடின் ஒன்றே எனலாம். ஹிஸ்டமின் ஏற்பியையும் இக்காரணியின் ஏற்பியையும் ஒருசேரத் தடுக்கும் இம்மாத்திரை, ஒவ்வாமை மூக்கழற்சிக்கும் தோல் தடிப்புக்கும் வழங்கப்படுகிறது. ஒவ்வாமை அதிர்ச்சியில் முதல் மருந்து இன்றும் அட்ரினலின் ஊசியே. குருதிக்குழாயின் தசைச் செல்களில் செய்த சோதனையில், இக்காரணி செயற்படத் தொடங்கியபின் காலந்தாழ்த்தி அட்ரினலின் சேர்த்தபோது அதன் பயன் படிப்படியாகக் குறைந்தது.