ஐந்து லட்சமா, இருபத்தைந்து லட்சமா?

தேர்தல் வந்தால் வாக்குறுதிகளும் கூடவே வரும். அரிசி, மின்சாரம், பேருந்துப் பயணம் என்ற வரிசையில் இப்போது மருத்துவக் காப்பீடும் முன்னுக்கு வந்துவிட்டது. 2024 பாராளுமன்றத் தேர்தலில் காங்கிரஸ் கட்சி, ராஜஸ்தானில் தன் ஆட்சியில் நடத்திய திட்டத்தைப் போல நாடு முழுவதும் 25 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாத சிகிச்சை என்று அறிவித்தது. பா.ஜ.க.வோ, எழுபது வயதான அனைவருக்கும், ஏழை பணக்காரர் பாராமல், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் என்றது.

அந்தக் கோடை முழுவதும் ஆண்டர்சன்பேட்டை டீக்கடைகளில் இதே விவாதம்தான். "இருபத்தஞ்சு பெருசா, அஞ்சு பெருசா? இதுல யோசிக்க என்னய்யா இருக்கு?" என்பார் ஒருவர். "கைக்கு வர்ற அஞ்சுதான் பெருசு" என்பார் மற்றொருவர். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். நான் சொல்வது இதுதான்: "ரயிலுக்கு எத்தனை பெட்டி என்பது அப்புறம். நம்ம ஸ்டேஷனில் நிற்குமா, நமக்கு டிக்கெட் உண்டா என்று முதலில் கேளுங்கள்."

காப்பீட்டுக்கும் இது பொருந்தும். யாருக்கு, எதற்கு, எங்கே என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரியாமல் லட்சக் கணக்கை மட்டும் பேசிப் பயனில்லை.

யாருக்கு?

ஆயுஷ்மான் திட்டம் 2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கியது. கர்நாடகத்தில் அதே ஆண்டு மாநில அரசின் ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தோடு அது இணைக்கப்பட்டது. பி.பி.எல். கார்டு உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஏ.பி.எல். கார்டு என்றால் நிர்ணயித்த செலவில் 30 சதவீதம்தான். அதுவும் ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் இல்லை. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இடையே ரேஷன் கார்டின் வகையால் இத்தனை வித்தியாசம்! 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிய ஆயுஷ்மான் விரிவாக்கத்தின் விதிப்படி எழுபது வயதானவர்களுக்கு மட்டும் இந்தப் பாகுபாடு இல்லை.

தமிழகத்தில் 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012ல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் வந்தன. நம்மவர் பலருக்கு வேலூர், திருப்பத்தூர் பக்கம் சொந்தபந்தம் உண்டு. ஆனால் சொந்தம் இருப்பதால் மட்டும் அந்த அட்டை கிடைக்காது. அதற்குத் தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வேண்டும். பிழைக்க வந்த இடத்தில் வேரூன்றிவிட்ட நாம், இந்த ஊர்க் கார்டைத்தான் நம்ப வேண்டும்.

எதற்கு?

பெரும்பாலோர் கவனிக்காத கேள்வி இது. ஆயுஷ்மான் அட்டை, மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்தால் செல்லுபடியாகும். சேர்வதற்கு முந்தைய 3 நாட்களும், வீடு திரும்பிய பின் 15 நாட்களும் கணக்கில் சேரும். பழைய நோய் இருந்தாலும் முதல் நாளிலிருந்தே ஏற்றுக்கொள்கிறார்கள்; இது பெரிய நன்மை. தனியார் பாலிசியில் பழைய நோய்க்கு மூன்றாண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம் என்பது 2024 முதல் விதி. ஆனால் புற நோயாளியாகப் போய் டாக்டரைப் பார்ப்பதற்கும், மாதாமாதம் வாங்கும் மருந்துக்கும் ஆயுஷ்மான் அட்டை உதவாது.

தங்கவயலுக்கு இது சின்ன விஷயமல்ல. பாறைத் தூள் நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய் இந்த ஊரின் பழைய சாபம். 1940களிலேயே 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்ததில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. அதை முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. ஆண்டுக்கணக்கில் மூச்சிரைப்போடு மருந்து எடுத்துக்கொண்டே வாழ வேண்டும்.

எங்கள் தெருவில் எழுபது கடந்த முன்னாள் சுரங்கத் தொழிலாளர் ஒருவர் இருக்கிறார். அட்டை வாங்கிவிட்டார், சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார். மாதாமாதம் உறிஞ்சும் மருந்தையும் மாத்திரையையும் கைக்காசில்தான் வாங்குகிறார். பணம் முடையானால் இரண்டு வேளை மருந்தை ஒரு வேளையாக்கிக் கொள்கிறார். எனக்கோ ரயில்வே மருத்துவமனையில் டாக்டரும் உண்டு, இரத்த அழுத்த மாத்திரையும் உண்டு. வாழ்நாள் முழுவதும் உழைத்தவர்கள்தானே இருவரும்? மூச்சு முட்டி மருத்துவமனையில் சேர்ந்தால் 5 லட்சம் தருவோம், சேராமல் காக்கும் மருந்துக்கு ஒன்றும் தரமாட்டோம் என்பது என்ன கணக்கு?

எங்கே?

கர்நாடகத் திட்டத்தில் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே வசதி இல்லையென்றால் அவர்கள் எழுதித் தரும் சீட்டோடுதான் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைக்குப் போகலாம். அவசர சிகிச்சைகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

சுரங்கம் ஓடிய காலத்தில் கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தது. காப்பீடு என்ற சொல்லே தெரியாமல் தொழிலாளியின் குடும்பம் அங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டது. 2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடப்பட்டபின் ஆஸ்பத்திரியும் போயிற்று. 2021ல் கொரோனா இரண்டாம் அலையின்போது, பூட்டிக் கிடந்த அந்தக் கட்டடத்தைத் தூசி தட்டித் திறந்தார்கள். அட்டை எத்தனை லட்சமானாலும், கட்டிலும் மருத்துவரும் இல்லாத ஊரில் அது வெறும் அட்டைதான்.

அமெரிக்காவிலும் இந்த விவாதம் உண்டு. 2008ல் அதிபர் வேட்பாளராக முயன்ற ஹிலாரி கிளிண்டன், எல்லோரும் காப்பீடு எடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்றார். குழந்தைகளுக்கு மட்டும் கட்டாயம் போதும் என்றார் ஒபாமா. கடைசியில் 2010ல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தில் கிளிண்டன் சொன்ன கட்டாயமே இடம்பெற்றது. பழைய நோயைக் காட்டி யாரையும் மறுக்கக் கூடாது என்ற விதியும் 2014ல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தொகையை விட நிபந்தனைகளைப் பற்றி அவர்கள் அதிகம் வாதாடினார்கள். நாமும் அதைப் பழக வேண்டும்.

வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுபது வயது அட்டைக்கு ஆதாரில் உள்ள வயதுதான் ஆதாரம். நம் பெரியவர்கள் பலருக்குப் பிறந்த ஆண்டு தவறாக இருக்கும். இனிஷியல் ஒரு கார்டில் முன்னால், மற்றொன்றில் பின்னால் இருக்கும். நோய் வருமுன் அதைத் திருத்திக் கொள்ளுங்கள். சந்தேகமிருந்தால் 14555 என்ற எண்ணில் கேட்கலாம். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம், "எத்தனை லட்சம்?" என்று கேட்காதீர்கள். "மாத மருந்துக்கு உண்டா? எங்கள் ஊருக்கு நெஞ்சு நோய் டாக்டர் வருவாரா?" என்று கேளுங்கள்.